பலூன் நுனியில் இருக்கும் அந்தச் சின்ன உறை

அடைபட்ட ரத்தக்குழாயை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி பலூனைப் பவுச்சைப் பிரித்து வெளியே எடுத்தால், நுனியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். இதயத்துக்கான பலூன் என்றால் அதன் நீளம் ஒரு சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. பெரும்பாலும் நிறமே இல்லாமல் இருக்கும். சில கம்பெனிகள் மட்டும் நீலமோ பச்சையோ கொடுக்கிறார்கள். இந்தச் சிகிச்சை நடக்கும் கேத் லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வயர் (பலூனுக்கு வழிகாட்டும் கம்பி) பிடிப்பது, டை (எக்ஸ்ரேயில் தெரியும் திரவம்) கலப்பது, இன்டிஃப்ளேட்டர் (பலூனை ஊதும் பம்ப்) சுற்றுவது எல்லாவற்றையும் சீனியர்கள் பக்கத்தில் நிறுத்திச் சொல்லித்தருவார்கள். இந்த உறைக்கு மட்டும் "உருவிப் போட்டுடு" என்பதோடு பாடம் முடிந்துவிடும்.

அது போதாது என்பதால்தான் இந்தப் பதிவு. இந்த உறை பேக்கிங் சாமான் இல்லை. பலூனின் மடிப்பு கலையாமல் ரத்தக்குழாய் வரை போய்ச் சேருவதற்கான பாதி வேலையை அதுதான் செய்கிறது. மீதிப் பாதி, அதைக் கழற்றுகிற கையில் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்து லேப்களில் ஸ்க்ரப் ஆகும் (கை கழுவி, ஸ்டெரைல் கவுனோடு டேபிளில் நிற்கும்) டெக்னீஷியன் தம்பிகளையும் ஸ்டாஃப் நர்ஸ்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். லேபில் ஷீத் என்றால் மணிக்கட்டிலோ தொடையிலோ போடும் இன்ட்ரொட்யூசர் ஷீத்தைத்தான் எல்லோரும் நினைப்போம். அதோடு குழம்பாமல் இருக்க, பலூன் மேல் இருப்பதைக் கடைசிவரை உறை என்றே சொல்கிறேன்.

முதலில் பலூனைப் பற்றிக் கொஞ்சம். பெயர் பலூன் என்றாலும் இது ரப்பர் இல்லை. 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் முதல் கரோனரி (இதய ரத்தக்குழாய்) ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தபோது அவர் கையில் இருந்தது பிவிசி பலூன். இன்று வருபவை நைலான், பெபாக்ஸ், பெட் (PET) போன்ற பாலிமர்கள். ஒரு சின்னக் குழாயை அச்சுக்குள் வைத்து, சூடாக்கி, இழுத்து, காற்றழுத்தம் கொடுத்து ஊதித்தான் பலூனைச் செய்கிறார்கள். 3 மி.மீ. பலூன் என்றால் அச்சிலேயே 3 மி.மீ.க்குச் செய்யப்பட்டது. காற்றை எடுத்துவிட்டாலும் ரப்பர் போலச் சுருங்கிப் பழைய நிலைக்குப் போகாது. அப்படிப் போகாததுதான் அதன் பெருமையும்கூட: 12 அட்மாஸ்ஃபியர் கொடுத்தாலும் லேபிளில் போட்ட அளவை ஒட்டியே நிற்கும், கண்டபடி வீங்கிக் குழாயைக் கிழிக்காது.

ஆனால் அந்தப் பெருமைக்கு ஒரு விலை உண்டு. 3 மி.மீ. பலூனின் சுற்றளவு 9.4 மி.மீ. அவ்வளவு அகலமான படலத்தை மொத்தமாக 1 மி.மீ.க்கும் குறைவான தடிமனுக்குள் அடக்கினால்தான் 90 சதவீதம் அடைபட்ட குழாய்க்குள் நுழையும். அதற்காக ஃபேக்டரியில் பலூனை இரண்டோ மூன்றோ மடிப்பாகப் பிரித்து, எல்லா மடிப்பையும் ஒரே பக்கமாகக் கேத்தீட்டர் தண்டை (பலூனைத் தாங்கும் மெல்லிய நீளக் குழாயை) சுற்றிச் சுருட்டி, மேலே உறையை ஏற்றி, வெப்பம் கொடுத்து அந்த வடிவத்திலேயே பதிய வைக்கிறார்கள். வாழைக்குருத்து எவ்வளவு இறுக்கமாகத் தண்டோடு சுருண்டு நிற்குமோ அப்படி. விரிந்த குருத்தை நாம் கையால் எவ்வளவு சுருட்டினாலும் பழைய இறுக்கம் வராது என்பதும் இதற்கு அப்படியே பொருந்தும்.

இதன் பிறகு எத்திலீன் ஆக்சைடு ஸ்டெரிலைசேஷன். அங்கே சூடும் ஈரப்பதமும் சேர்ந்து இருக்கும். பாலிமருக்குத் தன் அச்சு வடிவம் நினைவில் இருப்பதால் கொஞ்சம் இளகினாலே விரியப் பார்க்கும். உறை விடாது. அடுத்து லாரி, கொரியர், அலமாரி என்று மாதக்கணக்கில் கிடக்கும்போதும் அதே காவல்தான். உறை எதனால் ஆனது என்று பார்த்தால் பெரும்பாலும் டெஃப்லான் வகையோ பாலிஎத்திலீனோ. வழுக்க வேண்டும், அதே சமயம் தளர்ந்து போகக் கூடாது. உள்விட்டம் ஒரு துளி கூடினால் மடிப்பு தளரும், ஒரு துளி குறைந்தால் கழற்றவே முடியாது. உறைக்குள்ளே, வயர் போகிற துவாரத்தில், ஸ்டைலட் என்கிற கம்பி ஒன்றும் இருக்கும். வெளியே இருந்து உறை இறுக்குவதால் உள்துவாரம் நசுங்கிவிடாமல் அந்தக் கம்பிதான் தாங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரு ஜோடி.

நம் பக்கத்து லேப்களில் இந்த உறைக்கு முதல் சோதனை வருவது ரோட்டில்தான். பெரிய ஊர் மருத்துவமனை போல எல்லா அளவு பலூனும் இங்கே ஸ்டாக்கில் இருக்காது. கேஸ் போஸ்ட் ஆன பிறகு டீலர் பெட்டியோடு வருவார். ஓசூரில் முடித்துவிட்டு 50 கிலோமீட்டர் இறங்கி கிருஷ்ணகிரி, அங்கிருந்து கிட்டத்தட்ட அதே தூரம் தர்மபுரி, பிறகு தொப்பூர் கணவாய் தாண்டி சேலம். இப்படி ஒரே பெட்டி நாலு லேப் பார்க்கும். ஓசூர் குளிரில் கிளம்பும் பெட்டி சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரியில் கார் டிக்கிக்குள் நிற்கிறது என்று வையுங்கள். வெளியே 38 டிகிரி என்றால் மூடிய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டும். பஸ் ஸ்டாண்டு பார்சல் ஆபீஸ் தகரக் கூரையும் அப்படித்தான்.

அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பாலிமர் இளகி, மடிப்பு வெளிப்பக்கமாகத் தள்ளும். உறை விடாமல் அழுத்தும். இரண்டும் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். பவுச் வெளியே பளிச்சென்று இருக்கும், தேதியும் மிச்சம் இருக்கும், ஆனால் டேபிளில் உறை வராது. பெட்டி மேல் இருக்கும் அடையாளங்களை வாசிக்கப் பழகுங்கள். சூரியன் படம் போட்டிருந்தால் வெயில் படக் கூடாது. குடையும் மழைத்துளியும் இருந்தால் நனையக் கூடாது. தெர்மாமீட்டர் படத்தின் பக்கத்தில் எத்தனை டிகிரி வரை வைக்கலாம் என்று எண்ணே போட்டிருப்பார்கள். டீலரிடம் "அண்ணா, டிக்கியில வைக்காதீங்க, ஏசி இருக்கிற சீட்டுல வச்சுக் கொண்டாங்க" என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. லேபிலும் அலமாரி ஏசி அறைக்குள் இருக்கட்டும். வராந்தா ரேக், ஸ்டெரிலைசர் பக்கத்துச் சுவர் இரண்டும் வேண்டாம். பவுச்சை மடித்துச் செருகாமல் கொக்கியில் தொங்கவிடுங்கள், இல்லை பெட்டியோடு தட்டையாக வையுங்கள். எந்தத் தேதி முதலில் முடிகிறதோ அது முன்வரிசையில்.

இனி டேபிளுக்கு வருவோம்.

பவுச்சைத் திறப்பதற்கு முன் விட்டம், நீளம், தேதி, ஒட்டு பிரிந்திருக்கிறதா என்ற நான்கையும் சர்குலேட்டிங் நர்ஸ் சத்தமாகப் படிக்க வேண்டும். "மூணு பாயிண்ட் பூஜ்யம், பதினஞ்சு, என்சி" (விட்டம் 3.0 மி.மீ., நீளம் 15 மி.மீ., அதிகம் வீங்காத நான்-கம்ப்ளையன்ட் வகை) என்றால் ஸ்க்ரப் ஆனவரும் திருப்பிச் சொல்ல வேண்டும். பலூன் ஒரு சுருளான பிளாஸ்டிக் ஹூப்புக்குள் இருக்கும். ஹப்பை (பின்முனையை) பிடித்து வேகமாக உருவினால் தண்டின் முதல் பாதியில் இருக்கும் உலோக ஹைப்போட்யூப் மடிந்துவிடும். மடிந்ததை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது. சுருளின் போக்கிலேயே மெதுவாக வரட்டும். நுனிப்பக்கம் வெளியே வரும்போது உறை ஹூப்பின் கிளிப்பில் மாட்டிப் பாதி கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கனவே நகர்ந்து, பலூனின் பின்பக்கம் வெளியே தெரிந்தால் அந்த மடிப்பை நம்பக் கூடாது.

உறையை எப்போது கழற்றுவது? பலூன் உள்ளே போகப் போகிறது என்ற நிலையில், அதற்கு முன்னால் இல்லை. டாக்டர் வயரை லீஷன் (அடைப்பு) தாண்டிக் கொண்டுபோய்க் கொண்டிருக்கும்போதே பலூனை உரித்து டேபிளில் வைத்துவிட்டால், அது டேபிளை மூடிய ஈர டிரேப் துணியில் உரசும், காஸ் துணியின் நூல் ஒட்டும், தவறிப்போய் யாராவது கை வைப்பார்கள். நெகட்டிவ் எடுப்பது (பலூனுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது) உறை இருக்கும்போதா, கழற்றிய பிறகா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளே இருக்கும் தாளில் அந்தப் பலூனுக்கு என்ன சொல்லியிருக்கிறதோ அதுதான் சட்டம். ஒரு விஷயம் மட்டும் எந்தப் பலூனுக்கும் மாறாது: உறை மேலே இருக்கும்போது பாசிட்டிவ் (ஊதும்) அழுத்தம் கொடுக்கவே கூடாது. விரிய இடமில்லாத பலூன் பலவீனமான ஒரு பக்கமாகப் பிதுங்கும், மடிப்பு கோணலாகும், ஒட்டு கிழியும்.

கழற்றும் முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் கெடுவதெல்லாம் இங்கேதான்.

இடது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும், உறையின் பின்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் கேத்தீட்டர் தண்டைப் பிடிக்கட்டும். ஒரு சென்டிமீட்டர் இடைவெளி போதும். பத்து, பதினைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் என்ன ஆகும்? இழுக்கும் விசை முழுவதும் நடுவில் இருக்கிற மெல்லிய தண்டின் மேல் விழும். அந்தத் தண்டுக்குள் இரண்டு வழி இருக்கிறது, ஒன்று வயருக்கு, இன்னொன்று பலூனை ஊதும் டைக்கு. தண்டு நீண்டால் டை போகும் வழி சுருங்கும். வெளியே எதுவும் தெரியாது. பலூன் ஊதும்போதுகூடத் தெரியாமல் போகலாம். பலூனின் அழுத்தத்தை இறக்கும்போது தெரியும்: ஐந்து நொடியில் சுருங்க வேண்டியது இருபது நொடி ஆகியும் சுருங்காது. எல்ஏடி (இதயத்தின் முன்பக்க முக்கிய ரத்தக்குழாய்) ஆரம்பத்தில் பலூன் ஊதி நிற்கிறது, ஈசிஜியில் எஸ்டி ஏறுகிறது, பிரஷர் இறங்குகிறது, இன்டிஃப்ளேட்டரில் நெகட்டிவ் போட்டும் பலூன் அசையவில்லை என்றால் அந்த நேரம் எவ்வளவு பெரிது என்று லேபில் நின்றவர்களுக்குத் தெரியும்.

வலது கை உறையை நடுவில் நசுக்கிப் பிடிக்கக் கூடாது. நசுக்கினால் நீங்களே உறையைப் பலூன் மேல் அழுத்துகிறீர்கள், வழுக்க வேண்டியது பிடித்துக்கொள்ளும். பலூன் நுனியைத் தாண்டி உறை கொஞ்சம் நீண்டிருக்கும், அந்த இடத்தைப் பிடியுங்கள். பல பலூன்களில் ஸ்டைலட்டின் வெளிமுனையும் அங்கேயே உறையோடு சேர்ந்து வரும். இரண்டு கையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இழுப்பு சீராக, மெதுவாக, நுனியை நோக்கி மட்டும். திருகவே கூடாது. மடிப்புகள் எல்லாம் ஒரே திசையில் சுருண்டிருப்பதால், எதிர்த் திசையில் திருகினால் ஓரம் தூக்கிக்கொள்ளும். அந்தத் தூக்கிய ஓரம்தான் கால்சியம் படிந்த லீஷனில் போய் மாட்டும். வளைத்து இழுப்பதும் வேண்டாம். நுனி சாஃப்ட் டிப், ஒரு பக்கமாக வளைந்தால் வாய் முட்டை வடிவமாகிவிடும், பிறகு 0.014 இன்ச் வயர் ஏறும்போதே முரண்டு பிடிக்கும்.

வரவில்லை என்றால்? ஒரு முறை பிடியைச் சரிசெய்து, நேர்கோட்டைப் பார்த்து, மறுபடி மெதுவாக இழுக்கலாம். அதற்கும் வரவில்லை என்றால் அந்தப் பலூன் வேண்டாம். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் போட்டு இழுப்பது, பிளேடால் உறையைக் கீறுவது, சலைனில் ஊறவைத்து உருவுவது எல்லாமே சில இடங்களில் நடக்கிற வழக்கங்கள். மூன்றுமே தப்பு. பலத்தைப் போட்டுக் கழற்றிய பலூன், கழன்ற பிறகும் நல்ல பலூன் இல்லை.

இதை என் சொந்த அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017 மார்ச்சில் அபாட் நிறுவனம் என்சி ட்ரெக் ஆர்எக்ஸ், என்சி டிராவலர் ஆர்எக்ஸ், என்சி டென்கு ஆர்எக்ஸ் என்ற மூன்று கரோனரி பலூன்களில் குறிப்பிட்ட லாட்டுகளை (தயாரிப்புத் தொகுப்புகளை) திரும்பப் பெற்றது. காரணம் இந்த உறைதான். கழற்றுவது கடினமாக இருந்தது, அதிக பலம் போட்டுக் கழற்றினால் பலூன் ஊதுவதிலோ இறங்குவதிலோ கோளாறு வரலாம் என்று சொன்னார்கள். அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதை முதல் வகுப்பு ரீகால் என்று வகைப்படுத்தியது. உயிருக்கே ஆபத்து வரலாம் என்ற நிலைக்குக் கொடுக்கும் வகை அது. பலூனில் ஓட்டை இல்லை, ஒட்டு விடவில்லை. ஒரு பிளாஸ்டிக் குழாய் இறுக்கமாக இருந்ததற்கு இவ்வளவு. பில் மேல் இருக்கிற விலையைப் பார்த்து 'வீணாகிறதே' என்று தயங்குகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள். டீலரிடம் குறையோடு திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். அதற்கு லாட் நம்பர் இருக்கிற பவுச்சைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உறை வந்ததும் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடிப்பு நுனிமுதல் கடைசிவரை ஒரே இறுக்கமாக இருக்கிறதா, எங்காவது ஒரு ஓரம் எழும்பி இருக்கிறதா, தண்டில் வெள்ளையாக இழுபட்ட தழும்பு இருக்கிறதா. மூன்று நொடி போதும். ஓரம் எழும்பியிருந்தால் விரலில் உருட்டிச் சரிசெய்யக் கூடாது. உறையை மறுபடி மேலே ஏற்றவும் கூடாது. ஏற்றும்போது உறையின் விளிம்பு மடிப்பின் ஓரத்தைச் சுரண்டும். அந்தப் படலத்தின் தடிமன் மைக்ரான் கணக்கில்தான். அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்தால், 99.9 சதவீதம் பலூன் தாங்கும் என்று கணக்கிட்டு லேபிளில் போட்டிருக்கும் ரேட்டட் பர்ஸ்ட் பிரஷர் (வெடிக்காமல் தாங்கும் அழுத்தம்) உங்கள் பலூனுக்குப் பொருந்தாது. சில கம்பெனிகள் ரீராப் டூல் என்று ஒரு சின்னக் கருவியை உள்ளே வைத்துத் தருகிறார்கள். அது அதே கேஸில், அதே நோயாளிக்கு, இரண்டாம் முறை நுழைப்பதற்கு மட்டும். அதற்கும் தாளில் முறை உண்டு.

பிறகு நுனிவழியாக ஃப்ளஷ் ஊசியைச் செருகி ஹெபாரின் சலைன் (ரத்தம் கட்டாமல் இருக்க மருந்து கலந்த சலைன்) விடுங்கள். மோனோரயில் பலூன் (வயர் நடுவழியிலேயே வெளியேறும் வகை) என்றால் நுனியிலிருந்து ஒரு சாண் தாண்டி இருக்கும் வயர் வெளியேறும் துவாரத்தில் சொட்டுவதைப் பார்த்தபின் நிறுத்தலாம். 2, 3 மி.லி. போதும். ஊசியை ஆழமாகக் குத்தினால் உள்துவாரத்தைக் கீறிவிடும். துடைப்பதாக இருந்தால் நனைந்த, நூல் உதிராத காஸ் மட்டும்.

இப்போது, கழற்றவே மறந்துபோனால்?

நடக்கும். ஸ்டைலட் தனியாகவும் உறை தனியாகவும் வரும் பலூன்களில், அவசரத்தில் ஸ்டைலட்டை மட்டும் உருவிவிட்டு உறையை விட்டுவிடுவார்கள். உறை இரண்டு பக்கமும் திறந்த குழாய். அதனால் வயரின் பின்முனை உறை வழியாக நேராகப் பலூன் நுனிக்குள் போய்விடும், எந்தத் தடையும் தெரியாது. பிரைமரி ஆஞ்சியோபிளாஸ்டி (மாரடைப்பு வந்ததும் அவசரமாகச் செய்வது), ராத்திரி இரண்டு மணி, எல்லோரும் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நனைந்த நீல டிரேப் மேல் நிறமில்லாத உறை கண்ணில் படாது. கைடிங் கேத்தீட்டர் (பலூனை இதயம் வரை கொண்டுபோகும் குழாய்) வாயில் இருக்கும் ஒய் கனெக்டர் வால்வில் நுழையும்போது கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். அந்த இறுக்கம்தான் கடைசி எச்சரிக்கை. 'வால்வை இன்னும் திறங்க' என்று தள்ளிவிட்டால் உறை கைடிங் கேத்தீட்டருக்குள் போய்விடும். 6 ஃப்ரெஞ்ச் (குழாய்த் தடிமனின் அளவு) கைடின் உள்விட்டம் கிட்டத்தட்ட 1.8 மி.மீ. உறை தாராளமாகப் போகும். பலூன் முன்னும் பின்னும் நகரும்போது அது கழன்று தனியாகிவிட்டால், எக்ஸ்ரேயில் தெரியாத ஒரு குழாய்த் துண்டு இதயத்தின் வாசலில் நிற்கிறது. பலூனில் பிளாட்டினம் கலந்த மார்க்கர் இருக்கும், அதனால் ஃப்ளோரோவில் (லேபின் எக்ஸ்ரே திரையில்) தெரியும். உறையில் அப்படி எதுவும் கிடையாது.

இதற்கு ஒரே மருந்து, எண்ணுவது. கழற்றிய உறையையும் ஸ்டைலட்டையும் டேபிளில் எப்போதும் ஒரே இடத்தில், ஒரு கிட்னி ட்ரேயில் போடுங்கள். டிரேப் மேல் விடாதீர்கள், கீழே பக்கெட்டில் எறியாதீர்கள். பலூனை வயரில் ஏற்றுவதற்கு முன் ஒரு வரி பேச்சு:

"உறை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு சார். உறை ஒண்ணு, ஸ்டைலட் ஒண்ணு, ட்ரேல இருக்கு."

இதைக் கேட்க வேண்டியது டாக்டர் என்றாலும், அவர் கேட்கவில்லை என்றால் சொல்ல வேண்டியது நாம்தான். இரண்டு பலூன், ஒரு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய், அதுவும் பலூன் மேல்தான் வரும்), மறுபடி ஒரு என்சி என்று போகிற கேஸில் முடிவில் ட்ரேயில் நாலு உறை இருக்க வேண்டும். மூன்றுதான் இருக்கிறது என்றால் கேஸ் முடியவில்லை.

பலூன் உள்ளே போன பிறகு கணக்கு இடிக்கிறது என்று தெரிந்தால் உடனே வாய் திறந்து சொல்லுங்கள். அந்த நிமிஷம் முதல் டை தள்ளக் கூடாது, சலைன் ஃப்ளஷ் கூடாது. தள்ளுகிற எதுவும் உறையை முன்னால்தான் கொண்டுபோகும். ஒய் கனெக்டரைத் திறந்து பின்பக்கமாக ரத்தம் வரவிட்டுப் பார்ப்பதா, கைடும் பலூனும் சேர்த்து ஒன்றாக வெளியே எடுப்பதா என்பது டாக்டர் முடிவு. வெளியே வந்த கைடை உடனே பக்கெட்டில் போடாமல், உள்ளே சலைன் விட்டு என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது சாதாரண பலூனுக்கு. ஸ்டென்ட் ஏற்றிய பலூனில் அதே உறை இன்னும் கவனம் கேட்கும், ஏனென்றால் பலூன் மேல் ஸ்டென்ட் வெறும் அழுத்தத்தில்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. உறையோடு சேர்ந்து ஸ்டென்ட் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் போச்சு. கழற்றிய பிறகு இரண்டு மார்க்கருக்கும் நடுவில் ஸ்டென்ட் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். விரலால் உருட்டி 'இறுக்கமா இருக்கா' என்று சோதிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மருந்து பூசிய பலூன் தனிக் கதை. டிசிபி என்று சொல்கிறோமே, அதன் மேல் பாக்லிடாக்சலோ சிரோலிமஸோ பூசியிருப்பார்கள். பாக்லிடாக்சல் என்றால் ஒரு சதுர மி.மீ.க்கு 2 முதல் 3.5 மைக்ரோகிராம் வரை. 3.0 மி.மீ. விட்டம், 20 மி.மீ. நீளம் என்று கணக்குப் போடுங்கள்: மேற்பரப்பு ஏறக்குறைய 188 சதுர மி.மீ. சதுர மி.மீ.க்கு 3 மைக்ரோகிராம் என்றால் மொத்த மருந்தே 565 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல். இவ்வளவு செலவு, இவ்வளவு ஏற்பாடு எல்லாம் அந்த அரை மில்லிகிராமைக் குழாய்ச் சுவரில் சேர்ப்பதற்குத்தான். விரலால் ஒரு தடவை தடவினால் அதில் ஒரு பங்கு கிளவுஸோடு போய்விடும். சலைனில் நனைத்தால் டேபிளிலேயே கரைய ஆரம்பிக்கும்.

அதனால் இங்கே உறை மருந்துக்கும் காவல். முதலில் சாதாரண பலூனால் வழியைத் தயார் செய்து, டாக்டர் "டிசிபி கொடுங்க" என்று கை நீட்டும்போதுதான் உறை கழற்ற வேண்டும். நனைக்கக் கூடாது, துடைக்கக் கூடாது, பலூன் பகுதியைத் தொடவே கூடாது. வால்வைத் தாராளமாகத் திறந்து வைத்து உரசாமல் உள்ளே விட வேண்டும். உள்ளே போன நொடியிலிருந்து ரத்தத்தில் மருந்து கரைந்துகொண்டே இருக்கும். அதனால் லீஷனை அடைய இரண்டு, மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகக் கூடாது. ஊதி நிறுத்துவது கரோனரியில் 30 முதல் 60 நொடி, காலில் இன்னும் அதிகம். சரியான நேரம் அந்தந்தத் தாளில் இருக்கும்.

கட்டிங் பலூனில் உறைக்குள் மூன்றோ நாலோ நுண்பிளேடுகள் இருக்கின்றன. கோணலாக இழுத்தால் பிளேடு உறையின் உள்சுவரைச் சீவும், அந்தச் சீவல் பலூன் மேல் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். உங்கள் விரலும் பத்திரம்.

சர்க்கரை நோயில் கால் கறுத்து, பாலக்கோடு, அரூர், பென்னாகரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே போடும் பலூன்கள் 2, 3 மி.மீ. விட்டத்தில் 150 மி.மீ., 200 மி.மீ. நீளம் வரை இருக்கும். உறையும் அத்தனை நீளம். நீளம் கூடினால் உரசலும் கூடும், ஒரே இழுப்பில் வராது. கொஞ்சம் இழுத்து, இடது கையை நகர்த்தாமல், வலது கையை மட்டும் மாற்றிப் பிடித்து மறுபடி இழுக்க வேண்டும். கழற்றிய 20 செ.மீ. பலூன் டேபிள் விளிம்பில் தொங்கி மடியாமல் யாராவது ஏந்திக்கொள்வது நல்லது. டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக உருவாக்கும் ரத்தக்குழாய் இணைப்பு) அடைப்புக்கு வரும் ஹை பிரஷர் பலூன்கள் கனமான சுவர் உடையவை. ஒரு முறை ஊதி இறக்கிய பின் பட்டையாக இறக்கை விரித்து நிற்கும். வந்த வழியிலேயே வெளியே வராமல் ஷீத் வாயில் மாட்டும். முழு நெகட்டிவ் போட்டு, கொஞ்சம் காத்திருந்து, அதன் பிறகும் வரவில்லை என்றால் ஷீத்தோடு சேர்த்து எடுப்பார்கள். அந்தக் கட்டத்தில் உறையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இன்ட்ரா அயார்டிக் பலூன் பம்ப் (இதயத்துக்குத் துணையாக மகாதமனியில் வைக்கும் பலூன்) போடுகிற லேப்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பலூனை ட்ரேயிலிருந்து எடுப்பதற்கு முன்பே ஒன்-வே வால்வை மாட்டி, பெரிய சிரிஞ்சால் முழுதாக வேக்கம் எடுத்து, வால்வை அப்படியே விட வேண்டும். பிறகுதான் ட்ரேயிலிருந்து நேர்கோட்டில் வெளியே இழுப்பது. வேக்கம் இல்லாமல் எடுத்தால் மடிப்பு உடனே விரிந்துவிடும், 7.5 ஃப்ரெஞ்ச் ஷீத்தில் நுழையவே நுழையாது. வால்வைக் கழற்றுவது பலூன் முழுதும் உள்ளே போன பிறகு.

மறுபயன்பாடு பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பெட்டி மேல் 2 என்று எழுதிக் குறுக்கே கோடு போட்ட ஒரு வட்டம் இருக்கும்: ஒரே முறைதான் என்று அர்த்தம். அப்படி இருந்தும் ஒரு முறை போட்ட பலூனைக் கழுவி, கையால் சுருட்டி, பழைய உறையையே மாட்டி, மறுபடி ஈடிஓ (எத்திலீன் ஆக்சைடு) போட்டு வைக்கும் பழக்கம் நம் நாட்டில் பல இடங்களில் இருந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை. அதன் பாதிப்பை நேரடியாகச் சொல்கிறேன். ஊதி இறக்கிய பலூனின் மடிப்பு திரும்ப வராது. மேலே உறை மாட்டினால் பார்வைக்குப் புதிது போல இருக்கும், உறையைக் கழற்றியதும் இறக்கை விரியும். ஊதும் வழிக்குள் பழைய டை காய்ந்து படிகமாக நிற்கும், பலூன் இறங்க நேரமாகும். வயர் துவாரத்துக்குள் போன ரத்தத்தைக் கழுவி எடுத்துவிட்டோம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஏழைக்கு உதவி என்று சொல்லி நியாயப்படுத்துவார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொள்கிறவருக்கும் காசு கொடுத்துச் செய்துகொள்கிறவருக்கும் ஒரே மாதிரிக் குழாய்தான், ஒரே மாதிரிப் பலூன்தான் வேண்டும்.

புதுப் பலூனா பழசா என்று டேபிளில் நிற்பவருக்குத் தெரியும் அடையாளம் உறையில்தான் இருக்கிறது. ஃபேக்டரி உறை சீராக, ஒரே இறுக்கத்தில் வழுக்கி வரும், உள்ளே ஸ்டைலட் இருக்கும். ஸ்டைலட் இல்லை, உறை தளர்ந்து ஆடுகிறது, விளிம்பு கசங்கியிருக்கிறது, மடிப்பு ஒரு திசையில் இல்லை என்றால் நிறுத்திக் கேளுங்கள். நோயாளியின் வீட்டார் கேட்கக்கூடியது ஒன்று உண்டு: பயன்படுத்திய ஒவ்வொரு பலூனுக்கும் ஸ்டென்டுக்கும் பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் வரும், அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்கிறார்களா என்று கேட்கலாம். அதில் அளவும் லாட் நம்பரும் தேதியும் இருக்கும்.

கேஸ் முடிந்ததும் பலூனைக் கத்தரியால் இரண்டாக வெட்டி, உறையோடு சேர்த்துச் சிவப்பு பையில் போடுங்கள். ஸ்டைலட் கம்பி பையைக் குத்திக் கிழிக்கும், அதைக் கூர்மையான பொருள்களுக்கான வெள்ளை டப்பாவில் போட வேண்டும். உயிர் மருத்துவக் கழிவு விதிகள் 2016இல் வந்ததிலிருந்து இந்தப் பிரிப்பு கட்டாயம். வெட்டிப்போட்ட பலூனை யாரும் மறுபடி சுருட்ட முடியாது என்பது கூடுதல் லாபம்.

குறையுள்ள பலூனை மட்டும் வெட்டாதீர்கள். உறை வராதது, கழற்றும்போதே தண்டு நீண்டது, உறைத் துண்டு உடைந்தது, எதுவானாலும் பலூன், உறை, பவுச், பெட்டி நான்கையும் ஒரே கவரில் போட்டு மேலே தேதி எழுதி வையுங்கள். மெட்டீரியோவிஜிலன்ஸ் என்ற திட்டம் நம் நாட்டில் 2015இலிருந்து நடக்கிறது. காசியாபாத்தில் இருக்கும் இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன்தான் நடத்துகிறது. மருத்துவக் கருவியால் வந்த எந்தக் கோளாறையும் அதன் படிவத்தில் எழுதி அனுப்பலாம். டாக்டர்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை, நர்ஸும் டெக்னீஷியனும் அனுப்பலாம். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் அனுப்பலாம். எழுதும்போது "உறை சரியில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. பலூன் பெயர், அளவு, லாட் நம்பர், எந்த மாதம் லேபுக்கு வந்தது, எங்கே வைத்திருந்தது, கழற்றும்போது எந்த இடத்தில் பிடித்தது, எத்தனை முறை இழுத்தது, அந்த நேரம் பலூன் உடம்புக்குள் போயிருந்ததா இல்லையா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.